நாலு பேர் கையெழுத்து

"இவளுக்கா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தையல்காரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். லோன் மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முன்பிருந்தவருக்குப் பதிலாக அந்தக் கிராமத்துக்கு லோன் மேடம் வர ஆரம்பித்து இரண்டு வாரம்தான் ஆகிறது. தையல்காரி வீட்டு முன்னறையில் குழுக் கூட்டம். ஐந்து பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. ஒருத்தி கடன் கேட்டால் மற்ற நாலு பேரும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் கடன் கிடையாது.

இன்று கேட்டவள் சோப்புக்காரி. வீட்டிலேயே பாத்திரம் தேய்க்கும் சோப்பு காய்ச்சித் தெருத்தெருவாக விற்கிறவள். ஜாமீன் போட அவள் கணவனும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்து, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"ஏன் போட மாட்டீங்க?" என்றாள் மேடம்.

"அது சோப்பா மேடம்? தேய்ச்சா கையில இருக்கிற அழுக்கு பாத்திரத்துக்குப் போகுது. இவ வித்து, நீங்க பணத்தைப் பார்க்கப் போறீங்களாக்கும்!"

முட்டைக்காரி முந்திக்கொண்டாள். "நானும் போட மாட்டேன். வாயைத் திறந்தா பொய்."

"பொய் மட்டுமா? கையும் சுத்தம் கிடையாது" என்றாள் பால்காரி. "இவ என் வீட்டுக்கு வந்துட்டுப் போனா, நான் டம்ளரை எண்ணிப் பார்த்துத்தான் உள்ளே எடுத்து வைப்பேன்."

நாலாமவள் கூடை பின்னுகிறவள். யார் முகத்தையும் பார்க்காமல் தலையை மட்டும் மாட்டேன் என்று ஆட்டினாள்.

சோப்புக்காரி குனிந்த தலை நிமிரவில்லை. மடியில் பொட்டுப் பொட்டாகக் கண்ணீர் விழுந்தது.

மேடத்துக்கு ஆத்திரம் பொங்கியது. சோப்புக்காரியின் பாஸ்புக்கைப் பிரித்து நீட்டினாள். "போன வருஷக் கடனை ஒரு வாரம்கூடத் தவறாம கட்டியிருக்காங்க. அப்போ கையெழுத்துப் போட்டது நீங்க நாலு பேரும்தானே?"

"அப்போ புத்தி இல்ல. இப்போ வந்துடுச்சு" என்றாள் தையல்காரி.

கணவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். "என் பொண்டாட்டி நாலு காசு பார்த்துடுவான்னு வயித்தெரிச்சல்! நீங்கள்லாம் விளங்குவீங்களா? ஏய், எந்திரி!"

அவன் சொல்வது ரொம்பச் சரி என்றுதான் மேடத்துக்கும் பட்டது. ஒரு நல்ல உழைப்பாளியை இப்படியா கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்துவார்கள்?

வாசல்வரை போனவர்களை நிறுத்தினாள்.

"சார், இவங்க கையெழுத்தே வேண்டாம். தனிக் கடன்னு ஒண்ணு இருக்கு. நான் சிபாரிசு பண்ணினா மேனேஜர் தட்ட மாட்டார். நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் ஆபீசுக்கு வந்துடுங்க."

கணவன் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. கேட்காமலே தன் போன் நம்பரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னான். சோப்புக்காரி அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. பாவம், சந்தோஷத்தைத் தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் மேடம்.

இருவரையும் ஏற்றிக்கொண்டு பைக் கிளம்பியது. மேடம் உள்ளே வந்து நாலு பேரையும் பிடிபிடியென்று பிடித்தாள்.

"நீங்கள்லாம் மனுஷங்கதானா? கூடவே இருந்தவளைத் திருடிங்கிறீங்களே, நாக்கு கூசலையா?"

கூடைக்காரி திடீரென்று ஓவென்று அழுதாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க மேடம்!"

"நானா? நான் என்ன பண்ணினேன்?"

தையல்காரி போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "போன வருஷக் கடன்ல ஒத்த ரூபா அவ கைக்கு வரல மேடம். உங்க ஆபீஸ் வாசல்லயே அவன் பிடுங்கிக்கிட்டான். அத்தனையும் சீட்டாட்டத்துல விட்டான். கையெல்லாம் வெந்து, சோப்பு காய்ச்சிக் கட்டினது அவ. இப்போ மறுபடியும் வாங்கிக் குடுன்னு உயிரை எடுக்கிறான்."

"வேண்டாம்னு அவங்களே சொல்லியிருக்கலாமே?"

"அவ சொன்னா எலும்பை எண்ணிடுவான். நாங்க சொன்னா, கண்டபடி கத்திட்டுப் போயிடுவான். அதுக்குத்தான் நேத்து ஒவ்வொரு வீடா வந்தா. 'என்னைக் கேவலமாப் பேசுங்கக்கா, அவர் நம்புற மாதிரி பேசுங்க'ன்னா. திருடின்னு சொல்லச் சொன்னதே அவதான். மாட்டவே மாட்டோம்னோம். கால்ல விழுந்துட்டா."

பால்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாளைக்குக் காலையில் வாருங்கள் என்று மேடம் தன் வாயாலேயே சொல்லி அனுப்பிவிட்டாளே! இன்னொரு வருஷம் அந்தப் பெண் கை வேக வேண்டியதுதானா?

மேடம் போனை எடுத்து அவன் நம்பரை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்க மேடம்! எத்தனை மணிக்கு வரணும்?"

நாலு பெண்களும் அவள் வாயையே பார்த்தார்கள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

"வர வேண்டாம் சார். இங்க நல்லா விசாரிச்சுட்டேன். அந்தப் பொம்பளையை நம்பி ஒத்த ரூபா தர மாட்டேன்!"