கூப்பிட்டால் வரும் வண்டி

வேன் வாசலில் உறுமிக்கொண்டே நின்றது. கிளம்புகிற வழியைத்தான் காணோம்.

ஓரகத்தி இன்னும் வரவில்லை.

வேனுக்குள் உட்கார்ந்தபடி அவள் ஜன்னல் வழியாகத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் கணவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கால்கள் வீங்கி, செருப்பு வாரைக்கூடப் போட முடியவில்லை. போன வாரம் டயாலிசிஸுக்குத் தாமதமாகப் போனதற்கு ஒரு மணி நேரத்தைக் குறைத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆளுக்கு மெஷின் வேண்டுமாம்.

ஆள் ஏறவில்லை என்று பழைய பஸ்ஸை நிறுத்தியபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகுதான் இந்த வேன் வந்தது. முதல் நாளே போன் செய்து சொன்னால் போதும். வீட்டு வாசலில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவள் ஓரகத்தி.

வேன் வந்த மறுவாரமே அவளும் ஏற ஆரம்பித்தாள். அதுவும் இவர்கள் போகிற அதே நாட்களில். பாகப்பிரிவினையோடு முறிந்த பேச்சு. ஒரே தெருவில் இருந்தும் முகத்தில் விழிப்பதில்லை. பிஸ்கட் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவள் வீட்டில் போய்ப் படுக்கக் கூடாதா? ஆடி அசைந்து வந்து ஏறுவாள். கடைசி சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவாள். டவுனில் இறங்கி எங்கே போகிறாளோ, கையில் ஒரு பைகூட இருக்காது.

ஊர் சுற்றத்தான், வேறென்ன.

"எடுங்கண்ணே. இன்னும் எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க?"

"புக் பண்ணவங்கள விட்டுட்டுப் போனா என் வேலை போயிரும்மா" என்றார் டிரைவர்.

இதற்கு மேல் பொறுக்க முடியாது. வேன் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தாள். ஒன்று, அந்தப் பொம்பளையை வேறு வண்டியில் அனுப்புங்கள். இல்லையென்றால் பேரையே எடுத்துவிடுங்கள். நோயாளியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் இப்படிக் காத்துக்கிடக்க முடியாது.

மறுமுனையில் இருந்த பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அவங்க பேரை எடுத்தா உங்களுக்கு வண்டியே வராதேம்மா. டவுனுக்குள்ளன்னா ஒரு ஆள் கூப்பிட்டாலும் போகும். உங்க பக்கம் மூணு பேராவது புக் பண்ணாத்தான் அனுப்பணும்னு முதல் வாரத்துக்கு அப்புறம் சொல்லிட்டாங்க. நீங்க ரெண்டே பேரு."

அவள் முன் சீட்டில் சாய்ந்திருந்த கணவரைப் பார்த்தாள்.

"இது தெரிஞ்ச அன்னிக்கே அவங்க போன் பண்ணிட்டாங்க. நீங்க புக் பண்ற நாளெல்லாம் தன்னையும் சேத்துக்கச் சொன்னாங்க. நீங்க போகலன்னா அவங்களுக்கும் வேண்டாமாம்."

ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொன்னால் என்னவாம்? அவளுக்கு முன்னைவிட ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வேன் கதவு தடாலென்று திறந்தது. ஓரகத்தி மூச்சிரைக்க ஏறினாள். கம்பெனி உடுப்பைக்கூட மாற்றவில்லை. யாரையும் பார்க்காமல் நேராகக் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

"ஹலோ... இருக்கீங்களாம்மா? அவங்க பேரை எடுத்துரட்டுமா?"

"ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.