கம்பெனியின் கை

இனி வரப்போகும் ஒரு தை மாதத்தில் நடந்தது இது. பக்கவாதத்தால் இறுகிப்போன குணசீலனின் வலது கையைத் தளர்த்தும் ஊசியை அவர் வேலை பார்த்த தொழிற்சாலையே, வேலை நேரத்துக்கு மட்டும் பலிக்கும்படி அளந்து போட்டுவந்தது. ஆகவே காலை எட்டு மணிக்கு விரியும் விரல்கள், மாலை ஐந்து மணிக்கு மறுபடி முஷ்டியாக மூடிக்கொள்ளும். மதிய இடைவேளையிலும் மூடிக்கொள்வதால், சோற்றை அவர் இடக் கையால்தான் உண்டார்.

பொங்கலுக்கு நான்கு நாள் விடுமுறை விட்டார்கள். வெட்ட வழியில்லாமல் வளர்ந்திருந்த நகங்கள் அந்த நான்கு நாளில் உள்ளங்கையைக் கிழித்துச் சீழ் பிடிக்க வைத்தன. வெந்நீரில் நனைத்தும் எண்ணெய் தடவியும் அவர் மனைவி பரிமளாவால் ஒரு விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை.

விடுமுறை முடிந்த காலையில் அவளும் நகவெட்டியோடு தொழிற்சாலைக்குள் நுழைந்தாள். எட்டு மணிக்குக் கை விரிந்ததும் அதைப் பற்றிக்கொண்டாள். அவர் எடுத்து அடுக்க வேண்டிய, பெல்ட்டில் வந்த பெட்டிகள் எடுப்பாரின்றிக் கீழே விழத் தொடங்கின.

மேற்பார்வையாளர் ஓடிவந்தார். “என்னம்மா இது? வீட்டு வேலைய வீட்ல வச்சுக்கக் கூடாதா?”

“வீட்லதான் கை தொறக்கவே மாட்டேங்குதே, சார்.”

“அதுக்கு நான் என்ன பண்றது? எட்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் இந்தக் கை கம்பெனியோடது. கையெழுத்துப் போட்டிருக்காரில்ல?”

பரிமளா பிடித்த கையை விடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“கை உங்களோடதுன்னா நகமும் உங்களோடதுதான். நீங்களே வெட்டுங்க.”

நகவெட்டியை மேற்பார்வையாளர் கையில் திணித்தாள். குணசீலன் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஐந்து விரல்களையும் அவர் முன்னால் நீட்டினார்.