கால் வைத்த நேரம்

“இவ கால் வச்ச நேரம், போர்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. இன்னா ராசியோ!”

மாமியார் சரசாவின் குரல் டிவி சத்தத்தையும் மீறி பால்கனி வரை வந்தது. உச்சி வெயிலில் அங்கே நின்றிருந்த எழிலரசிக்குக் காலும் எரிந்தது, காதும் எரிந்தது. கல்யாணமாகி சென்னீர்குப்பத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படி ஒரு பழி.

அவள் வாயைத் திறப்பதற்குள் கூடத்தில் கணவன் கிருபாகரன் பொங்கிவிட்டான். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன்.

“வாய மூடும்மா! எங்க கல்யாணம் பங்குனில நடந்துச்சு. அப்புறம் வந்தது கோடை. கோடைல இந்தத் தெருவுல எந்த ஊட்டு போர்ல தண்ணி கீது?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. இவ வந்தா, தண்ணி போச்சு.”

“ரெண்டு விஷயம் சேர்ந்தாப்ல நடந்தா, ஒண்ணாலதான் இன்னொண்ணு நடந்துச்சுன்னு அர்த்தமா? இதத்தான் தினம் கிளாஸ்ல தொண்டை கிழியக் கத்துறேன். என் ஊட்லயே இப்படிப் பேசுனா? ஒரு பொண்ணு மேல பழி போட வெக்கமா இல்ல?”

சரசா முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.

எழிலரசிக்குக் கண் கலங்கியது. இந்த மனுஷனையா இவ்வளவு நேரம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தோம்? கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் ஒரு காலை வைத்தாள்.

“ஐயோ, உள்ள வராதடி!” டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கிருபாகரன் அலறினான். “போன தடவ நீ உள்ள வந்த, உடனே விக்கெட் போச்சு. மேட்ச் முடியற வரைக்கும் பால்கனியிலயே நில்லுன்னு சொன்னேன்ல?”

எழிலரசி வைத்த காலைப் பின்னுக்கு எடுக்கவில்லை. இன்னொரு காலையும் தூக்கி, உள்ளே அழுத்தி வைத்தாள்.