சாமியாருக்கு வந்த வீரம்

“டாக்டர், இந்த ரவுடியை இனிமே வீட்ல வெச்சுக்க முடியாது! இன்னைக்கே யாருக்காவது குடுத்துடுங்க.”

கால்நடை மருத்துவரின் மேஜைமீது கூடையைத் தொப்பென்று வைத்தாள், கணவரோடு வந்திருந்த அந்தப் பெண். உள்ளே வெள்ளை, கறுப்பு, செம்பட்டை என மூன்று நிறத்தில் ஒரு கடுவன் பூனை. உலகத்தையே விழுங்குவதுபோல் கொட்டாவி விட்டது.

“கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமேம்மா…” என்று இழுத்தார் கணவர். ஆள் நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். பேச்சோ சட்டைப் பையைத் தாண்டாது.

“நீங்க சும்மா இருங்க! தோள்ல ஏத்தி ஏத்தித்தான் இதுக்குத் தலைக்கனம். சாமியார்னு பேரு வெச்சோம் டாக்டர். எலி வந்து முதுகுல ஏறி விளையாடினாலும் கண்ணைத் தொறக்காது. மூணு மாசமா என்ன வந்துச்சோ! தெருவுல இருந்த கடுவனெல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. எதிர்வீட்டு வேட்டைநாய் இதைப் பாத்தா கட்டிலுக்கு அடியில போய் அழுவுது. தபால்காரர் ஹெல்மெட்டைக் கழட்டறதே இல்ல!”

கணவரின் கண் கலங்கிவிட்டது. “எனக்குன்னு இருக்கிற ஒரே சிநேகிதன் டாக்டர் இவன்.”

மருத்துவர், போன வாரம் எடுத்த பூனையின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“அம்மா, மூணு நிறப் பூனைன்னா பெட்டையாத்தான் இருக்கும். அபூர்வமா கடுவனாப் பொறந்தா, அதுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதல்னு அர்த்தம். ஆண் ஹார்மோன் சரியா ஊறாது. உங்க சாமியாரும் அப்படித்தான். ஆனா இப்ப ரத்தத்துல ஒரு சிங்கத்துக்கும் அதோட மச்சானுக்கும் போதுமான ஹார்மோன் ஓடுது! யாரோ வெளியிலருந்து குடுத்திருக்காங்க.”

“யாரு குடுப்பா? வீட்ல நாங்க ரெண்டே பேர்!” என்ற மனைவி, சட்டென்று கணவர் பக்கம் திரும்பினாள்.

அவர் தோளைத் தடவிக்கொண்டார். “காலையில ஜெல் தடவிட்டு உக்காருவேன். இவன் வந்து தோளை நக்கி நக்கிக் குடுப்பான். பாசம்னு நெனச்சேன்…”

“என்ன ஜெல் சார்?”

மனைவிதான் கூடையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: “இவருக்கும் இதே மாதிரி ஒரு எக்ஸ் கூடுதல் டாக்டர். அதுக்கு எழுதிக் குடுத்த ஹார்மோன் ஜெல்! மூணு மாசமா தடவியும் அளவு ஏறலியேன்னு இவரோட டாக்டர் அங்க தலையைப் பிச்சுக்கிட்டிருக்கார். ஏறினதெல்லாம் இந்தக் கூடைக்குள்ள இருக்கு… பூனையை யாருக்கும் குடுக்க வேணாம், நாளையிலருந்து இவருக்குச் சட்டையைப் போட்டுவிட்டுடறேன்!”