ஃபெர்மினுக்கு மூச்சு வாங்குகிறது

"மெதுவா நட கிழவா. சதுக்கம் எங்கயும் ஓடிப் போயிடாது," என்றாள் அம்பாரோ.

ஃபெர்மின் நடையைத் தளர்த்தினார். வெராக்ரூஸ் துறைமுக நகரின் கடற்கரைச் சாலையில் மாலைக் காற்று உப்பும் டீசலுமாக வீசிக்கொண்டிருந்தது. மாரடைப்பு வந்து நாலு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து தினமும் அரை மணி நடை, இரவு எட்டரைக்குத் தூக்கத்துக்கென்று ஒரு மெலடோனின் மாத்திரை. உப்பு, காபி, கோபம் மூன்றுக்கும் தடை. நடை முடிகிற சதுக்கத்தில்தான் வாத்தியக் குழுவும் தான்சோன் நடனமும் என்பதால், டாக்டரம்மா அதற்கு மட்டும் தலையாட்டியிருந்தார். ஆனால் பாட்டின் கடைசியில் வருகிற வேகம் கூடவே கூடாது.

அந்த நிபந்தனைதான் தொண்டையில் முள்ளாக நின்றது. நாற்பது வருடமாக இந்த ஜோடி பேர் வாங்கியதே கடைசி வேகத்தில்தான். பாட்டு முடியாமல் இறங்குவது பந்தியில் பாதியில் எழுந்து போவது மாதிரி. நாளைக் காலை மறுபரிசோதனை, சனிக்கிழமை திருவிழா நடனம். இனி முழுசாக ஆடலாமா, ஆயுளுக்கும் பாதிதானா என்பது நாளைக்குத் தெரிந்துவிடும்.

"நோயாளி வர்றாரு, வழி விடுங்கப்பா."

எவரிஸ்தோவின் குரல். துறைமுகத்தில் ஃபெர்மினோடு முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். நாலு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில், ஃபெர்மின் பைஜாமாவோடு முகம் வெளுத்து ஆம்புலன்சில் ஏறியதைத் தன் வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தவர். அன்றைக்குக் காபி ஆறுவதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்தவரும் அவரேதான்.

"என்ன மச்சான், இன்னைக்காவது தாக்குப் பிடிப்பியா? இல்ல, வேகம் எடுக்கறதுக்குள்ள கம்பி நீட்டிடுவியா?"

"உன் தொப்பையத் தூக்கிட்டு நீ ஒரு சுத்து ஆடிக் காட்டு. அப்புறம் பேசறேன்."

"எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன். பாவம்யா," என்று சுற்றி நின்றவர்களிடம் திரும்பினார் எவரிஸ்தோ.

"பாவம் கீவம்னு எவனாவது சொன்னீங்க, விசிறியாலயே போடுவேன்," என்றாள் அம்பாரோ. அவள் சிரிக்கவில்லை. எவரிஸ்தோ ஒரு அடி பின்வாங்கி வழி விட்டார்.

பாட்டு ஆரம்பித்தது. தான்சோனில் பல்லவி திரும்பி வரும்போதெல்லாம் ஜோடிகள் அப்படியே நின்றுவிட வேண்டும். பெண்கள் விசிறியைத் திறப்பார்கள், ஆண்கள் நெற்றியைத் துடைப்பார்கள். ஃபெர்மின் நெற்றியைத் துடைக்கவில்லை, மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வயதிலும் அவருக்கு அது அலுக்கவில்லை. முதல் நிறுத்தத்தில் அவளுடைய விசிறி தாளம் தப்பாமல் அசைந்தது. இரண்டாவது நிறுத்தத்தில் ஒரு தட்டு பிந்தியது. மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது.

எக்காளம் வேகத்துக்குத் தயாரானது. ஃபெர்மின் நெஞ்சில் கையை வைத்தார்.

"மூச்சு வாங்குது கிழவி. போதும், உக்காரலாம்."

"அதுக்குள்ளயா?" என்று நாலு பேர் காதில் விழும்படி சலித்துக்கொண்டாள் அம்பாரோ. சலித்துக்கொண்டாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உடனே இறங்கிவிட்டாள். பின்னால் எவரிஸ்தோவின் சிரிப்பு கேட்டது. வேறு காலமாக இருந்தால் ஃபெர்மின் சட்டையைப் பிடித்திருப்பார். இப்போது தானும் சிரித்து வைத்தார்.

காபிக் கடையில் உட்கார்ந்து கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் தட்டினார். சத்தம் கேட்டுப் பரிமாறுகிறவன் பால் கெட்டிலோடு வந்தான். காபி கெட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான்.

"உங்களுக்குப் பால் மட்டும்தான் ஐயா. ஊருக்கே தெரியும்."

"எனக்கும் பாலே ஊத்துப்பா," என்றாள் அம்பாரோ. "இவரு குடிக்காதத நான் மட்டும் எப்படிக் குடிக்கறது?"

"இப்படி ஒரு வீட்டுக்காரம்மா கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்."

"குடுத்துதான்பா வச்சிருக்கேன்," என்றார் ஃபெர்மின். மேசைக்கு அடியில் அவள் கை அவர் கையைத் தேடி வந்தது. சில்லென்று இருந்தது. சூடேறும் வரைக்கும் அவர் விடவில்லை.

"ராத்திரி மாத்திரை?" என்று மெல்லக் கேட்டாள்.

"என் சட்டைப் பையில பத்திரமா இருக்கு."

"நாளைக்கு டாக்டரம்மா ஒத்துக்கலன்னா?"

"பாதியோட இறங்குவோம். சிரிக்கறவன் சிரிச்சிட்டுப் போறான். நாம ரெண்டு பேரும் இருக்கோம்ல, அது போதும் எனக்கு."

மறுநாள் காலை டாக்டரம்மா இசிஜி தாளை இரண்டு முறை பார்த்தார். டிரெட்மில் சோதனையின் தாளையும் பார்த்தார். ஃபெர்மின் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"நடையை விடல, தூக்கமும் சீராயிருக்கு. இதயம் நல்லாத் தேறிடுச்சு. சனிக்கிழமை கடைசி வரைக்கும் ஆடலாம்."

ஃபெர்மினுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல," என்று தாளை மடித்தார் டாக்டரம்மா. "ஆடறவங்க எல்லாம் இன்னும் ஒரே ஒரு சுத்துன்னு இழுத்து விட்டுட்டுத்தான் இங்க வந்து படுப்பாங்க. நாலு மாசத்துல ஒரு நாள் கூட நீங்க அளவு மீறல. எப்ப நிறுத்தணும்னு அவ்வளவு சரியா எப்படித் தெரிஞ்சுது?"

பரிசோதனைக் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்த அம்பாரோ, மேல்சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கணவரைப் பார்த்தாள்.

"எனக்கு மூச்சு வாங்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே இவருக்கு வாங்கிடும், டாக்டர்."