திங்கட்கிழமைக் காய்ச்சல்

“போன வாரம் நான் சொன்னது தப்புங்கண்ணா. சந்திரசேகர் அண்ணன் குடிக்கிறதில்லீங்க. அது வெல்டிங் புகையால வர்ற காய்ச்சலுங்க.”

நாமக்கல் புறவழிச் சாலையோரம் லாரி பாடி கட்டும் பட்டறை. அங்கே கணக்கெழுதும் அகல்யா, முதலாளி ஜெயபிரகாஷ் முன்னால் நின்றாள். செவ்வாய்க்கிழமைதோறும் வெல்டர் சந்திரசேகர் மதியத்துக்கு மேல்தான் வருவார், அதுவும் நடுங்கிக்கொண்டே. ‘ராத்திரி ஊத்தியிருப்பாரு’ என்று வாயை விட்டவள் அவள்தான். அவரை வேலையை விட்டு நிறுத்தப்போவதாக முதலாளி சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“யாரு சொன்னது?”

“டாக்டருங்க. எனக்குத்தான் எதுலயும் சந்தேகம் போகாதே, நான் படிக்கற ஈவினிங் காலேஜ் சார்கிட்டயும் கேட்டுட்டேன். அவரும் அதேதான் சொல்றாருங்க.”

“ஏனம்மிணி, வாரம் பூராவும் வெல்டிங்தான் வெக்கறான். காய்ச்சல் மட்டும் காலண்டர் பாத்துத் திங்கக்கிழமை ராத்திரி வருமாக்கும்?” முதலாளி சிரித்தார்.

“துத்தநாகம் பூசின தகட்டுல வெல்டிங் வெச்சா வெள்ளைப் புகை வருதில்லீங்க? அது அத்தனையும் உலோகத் துகளுங்க. நானோன்னு சொல்றாங்க, கண்ணுக்கே தெரியாது. நுரையீரல் செல்லுக்குள்ள பூந்து அதைக் கொல்லுது. அதுலதான் காய்ச்சல். அப்பறம் உடம்பு பழகிக்குதுங்க. ஞாயித்துக்கிழமை நல்ல காத்து பட்டதும் பழக்கம் விட்டுப்போயிருது. திங்கக்கிழமை மறுபடியும் மொதல்லருந்து.”

“அப்ப மத்த நாள்ல ஒண்ணும் பண்றதில்லையா?”

“ஐயோ, அப்பவும் செல்லு செத்துட்டுத்தானுங்க இருக்கும். காய்ச்சல்தான் வெளிய தெரியாது. புகையை இழுக்கற ஃபேனும் நல்ல மாஸ்க்கும் போட்டாத்தான்...”

ஜெயபிரகாஷ் சன்னல் வழியே பார்த்தார். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு சந்திரசேகர் குனிந்திருந்தார். அவர் முகத்தருகே வெள்ளைப் புகை சுருண்டது.

“அடப் பாவமே, கண்டபடி பேசிப்போட்டனே.” முதலாளியின் குரல் தாழ்ந்தது. “அவன் எங்கூட்டு ஆளு மாதிரி. அவனை எதுக்கு நிறுத்தறேன்? இனிமே இந்தப் பட்டறையில எவனுக்கும் அந்தக் காய்ச்சல் வரக்கூடாது. அதுக்கு என்ன பண்ணோணுமோ பண்ணிரலாம்.”

அகல்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஃபேனுக்கு வெலை கேக்கட்டுங்களாண்ணா?”

“அது எதுக்கு? நாளைக்குக் காலைல வந்ததும் மொத வேலையா போர்டுல எழுதிப் போட்டுரு சாமி, இனிமே ஞாயித்துக்கிழமை லீவு கெடையாதுன்னு.”