பதிமூன்றாவது விடைத்தாள்

ஒரு கையில் பெட்டி, மறு கையில் செருப்பு. இங்கிலீஷ் வாத்தியார் தீவின் படகுத்துறைக்குத் தலைதெறிக்க ஓடினார். மாதத்துக்கு ஒரே படகு. கடல் கடந்து சொந்த ஊரில் பிறந்திருக்கும் மகளை அவர் இன்னும் பார்க்கவில்லை. ஒரு காலைப் படகில் வைத்ததும் ஹெட்மாஸ்டர் மூச்சிரைக்க வந்து சட்டையைப் பிடித்தார்.

"எல்லாரும் பாஸானாத்தான் உங்களை அனுப்புவேன்னு சொன்னேனா இல்லையா?"

"பன்னிரண்டு பேரும் பாஸ் சார், ஆளை விடுங்க!"

"அப்ப இந்தப் பதிமூணாவது பேப்பர்?"

வகுப்பில் இருப்பதே பன்னிரண்டு பேர். வாத்தியார் வாங்கிப் பார்த்தார். இலக்கணம் அத்தனையும் சரி. 'நான் வீடு திரும்பிய நாள்' கட்டுரை மட்டும் எழுதப்படவில்லை.

"யாரு சார் இது?"

"உங்களுக்கு முன்னால இருந்த வாத்தியார். வருஷாவருஷம் இந்தக் கட்டுரையிலதான் கோட்டை விடுறார்."

"அவரு ஊருக்குப் போயிட்டார்னீங்களே?"

"கிளம்பினார், இதே படகுலதான்," என்றார் ஹெட்மாஸ்டர். "முழுகின படகை மேல தூக்கிப் பெயின்ட்கூட அடிச்சிட்டோம். ஆள்தான் கிடைக்கல."